ஏன் சார் ஹார்ன் அடிச்சீங்க?

நாற்பது வயதைத் தாண்டிய ஆணுக்குத் திடீரென்று சைக்கிள் மீது பிரியம் வந்தால் இரண்டு விஷயங்கள் நடக்கும். உடம்பு இளைக்கும், வாய் பெருக்கும். முதலாவது நடக்காமல்கூடப் போகலாம். இரண்டாவது நிச்சயம்.

எனக்கு நாற்பத்தொன்றில் வந்தது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். மில் வேலைக்காகச் சேலத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர் என் அப்பா. எனக்கு ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. (அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறேன் என்பது என் மனைவி கவிதாவின் கருத்து.) டாக்டர் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதும் ஒரு சைக்கிள் வாங்கி, வேலைக்கு அதிலேயே போக ஆரம்பித்தேன்.

முதல் வாரத்திலேயே ரிங் ரோட்டில் ஒரு கார்க்காரர் என் முதுகுக்குப் பின்னால் ஹார்னை அழுத்தியபடி வந்தார். நான் பயந்து ஓரத்து மண்ணில் இறங்கினேன். அவர் கண்ணாடியை இறக்கி, "ரோடு நிம்மப்பந்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கன்னடம் தெரியாதவர்களுக்கு: ரோடு உங்கப்பன் வீட்டுச் சொத்தா என்று அர்த்தம்.

எல்லாருக்கும் வருகிற கோபம் எனக்கும் வந்தது. ஆனால் கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. இந்த மனிதருக்கு என்னைத் தெரியாது. நான் அவருக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ரோட்டில் இன்னும் இரண்டு யானை போகிற இடம் இருந்தது. பிறகு ஏன் அடித்தார்? அடிக்கிற அந்த நேரத்தில் அவர் மனதுக்குள் என்னதான் ஓடியிருக்கும்?

அடுத்த சிக்னலில் அவர் நின்றுகொண்டிருந்தார். சைக்கிளை அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "ஏன் சார் ஹார்ன் அடிச்சீங்க? சண்டைக்கு இல்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்று கன்னடத்தில் கேட்டேன்.

அவர் கெட்ட வார்த்தையை எதிர்பார்த்திருந்தார் போல. என்னையும் சைக்கிளையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "பழக்கம்" என்றார். பச்சை விழுந்தது. போய்விட்டார்.

எனக்கு அது பிடித்துப்போனது. அன்று முதல் ஹார்ன் அடித்தவர்கள் எங்கே கிடைத்தாலும் விசாரிக்க ஆரம்பித்தேன். உங்கள் நல்லதுக்குத்தான் அடித்தேன் என்றார் ஒருவர். எல்லாரும் அடிக்கிறார்கள், நான் மட்டும் அடிக்காமல் இருந்தால் வண்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க மாட்டார்களா என்று ஒரு ஆட்டோக்காரர் என்னையே திருப்பிக் கேட்டார். ஒரு பஸ் டிரைவர் மட்டும் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு, "நானா? நான் எப்போ அடிச்சேன்?" என்றார். அப்பட்டமான பொய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து ஓட்டும் ஒரு சைக்கிள் குழு எங்களுக்கு இருந்தது. என்னையும் சேர்த்து ஒன்பது பேர். பல் டாக்டர் நாகராஜ், ஸ்கூல் டீச்சர் ஷோபா மேடம், இன்னும் சிலர். எல்லாரும் கன்னடக்காரர்கள், தமிழன் நான் ஒருவன்தான். என் ஆராய்ச்சியைக் கேள்விப்பட்டு என்னையே குழுவுக்குத் தலைவனாக்கினார்கள். (வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை.) பதவி வந்ததும் சட்டம் போட்டேன். குறுகலான இடத்தில் ஓரமாக ஒடுங்கக் கூடாது, தைரியமாக நடுவில் போக வேண்டும். யாராவது ஹார்ன் அடித்தால் முன்னால் போகிறவர் இடது கையை உயர்த்த வேண்டும். எல்லாரும் நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் போய், சிரித்த முகத்தோடு, அந்த ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். இன்னொருவர் போனில் வீடியோ எடுக்க வேண்டும். எடுத்தால் எதிராளி அடிக்க வர மாட்டான் என்பது என் கணக்கு.

இப்படி ஊரையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்கு ஒரு தை மாதச் சனிக்கிழமை சாயங்காலம் என் மச்சான் வந்தார்.

மச்சான் என்றால் கவிதாவின் அண்ணன் பழனிசாமி. கொள்ளேகால் பக்கம் ஹனூரில் மக்காச்சோள வியாபாரம். வீடு மாதிரி ஒரு கார் வைத்திருக்கிறார், ஏறுவதற்குப் படி இருக்கும். மறுநாள் காலையில் கவிதாவின் சித்தப்பா மகள் கௌரிக்குக் கல்யாணம். நரசிபுரம் ரோட்டில், வருணா தாண்டி ஒரு மண்டபம். காலையில் மார்க்கெட்டில் மாலை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

சாப்பிட உட்கார்ந்ததும் மச்சான் ஆரம்பித்தார். "ஏனுங்க மாப்ள, ஞாயித்துக்கெழமையானா டவுசரு போட்டுட்டு நடுரோட்ல போறீங்களாமா? கவிதா சொல்லுச்சு."

"குறுகலான ரோட்ல நடுவுல போறதுதான் மச்சான் பாதுகாப்பு."

"உங்குளுக்குப் பாதுகாப்புங்க. பின்னால வர்றவனுக்கு ரத்தக்கொதிப்பு."

விடுவேனா. என் கேள்வியை எடுத்தேன். "சரி மச்சான், நீங்களே சொல்லுங்க. முன்னால ஒருத்தன் சைக்கிள்ல போறான். ஹார்ன் அடிச்சா அவன் பறந்துடப்போறானா? ஏன் அடிக்கிறீங்க?"

மச்சான் சப்பாத்தியைப் பிய்த்தபடி யோசித்தார். "அதைச் சொன்னா வெளங்காதுங்க மாப்ள. நாளைக்குக் காலைல நீங்க வண்டி ஓட்டுங்க. தன்னால வெளங்கும்."

"ஓட்டறேன். மண்டபம் வரைக்கும் ஒரு தடவைகூட ஹார்ன்ல கை வைக்க மாட்டேன். பாக்கறீங்களா?"

"அண்ணா, அவர்கிட்ட வண்டியைக் குடுக்காதே" என்றாள் கவிதா சமையலறையிலிருந்து. என்னிடம் லைசென்ஸ் இருந்தது. கார்தான் கிடையாது. ஆபீஸ் வண்டியை எப்போதாவது ஓட்டியதுதான் அனுபவம். ஆனாலும் எனக்கு அந்தப் பந்தயத்தைவிடத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் பெரிதாக இருந்தது. ஹார்ன் அடிக்கிறவர் இடத்தில் உட்கார்ந்து இதை யோசித்ததே இல்லையே. குழுவுக்கு வாட்ஸப்பில் நாளைக்குக் கல்யாணம், வரவில்லை என்று செய்தி போட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் பட்டு வேட்டியும் சட்டையுமாக ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் மச்சான். பின்னால் கவிதா, மடியில் மூங்கில் கூடை, கூடையில் ஈரத் துணி போட்டு மூடிய இரண்டு பெரிய ரோஜா மாலைகள். நல்ல குளிர். ஊரைத் தாண்டியதும் ரோட்டில் பனி இறங்கியிருந்தது. எட்டு மணிக்கு மேல் முகூர்த்தம். நேரம் தாராளமாக இருந்தது.

காரில் இருந்து பார்த்தால் உலகம் வேறு மாதிரி இருக்கிறது என்பதுதான் என் முதல் கண்டுபிடிப்பு. சைக்கிளில் போகும்போது ரோட்டில் ஆட்கள் இருப்பார்கள். டீ குடிக்கிறவர், பால் கேன் கட்டுகிறவர், என்னைப் பார்த்துக் குரைக்கலாமா என்று யோசிக்கிற நாய். காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றியதும் அவர்கள் எல்லாரும் காணாமல் போய், ரோட்டில் இரண்டே பொருள்கள்தான் மிஞ்சின. இடம், இடைஞ்சல். இதை நான் மச்சானிடம் சொன்னபோது, "அப்பிடித்தானுங்க" என்றார் சுருக்கமாக.

வருணாவை நெருங்கும் இடத்தில் பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது. பாதி ரோட்டை அடைத்து மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். இடது பக்கம் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம். நடுவில் ஒரு வண்டி போகிற தடம் மட்டும். அந்தத் தடத்துக்குள் நுழைந்த பிறகுதான் பார்த்தேன், எனக்கு முன்னால் பனிக்குள் ஏழெட்டுச் சிவப்பு விளக்குகள் மினுக்கிக்கொண்டு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. சைக்கிள்கள். எல்லாரும் கனமான ஜாக்கெட்டும் ஹெல்மெட்டுமாக இருந்தார்கள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. தடத்துக்கு நட்டநடுவில் போனார்கள். நடைபயிற்சிக்கு வந்தவர்களைப் போலப் பேசிக்கொண்டு போனார்கள்.

முதலில் நான் மிகவும் பெருந்தன்மையாக இருந்தேன். "பாருங்க மச்சான், என்ன அழகாப் போறாங்க" என்றேன்.

மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் வண்டியிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் அவ்வளவொன்றும் ஆகவில்லை. ஆனால் பார்த்த பிறகு ஆன மாதிரி இருந்தது. பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது. அது என்னை அடிக்கிறது. நான் என்ன செய்வேன்? முன்னால் இவர்கள் அல்லவா காரணம்? ஒருவர் ஹாண்டில்பாரில் இருந்து கையை எடுத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். நிதானமாக மூடினார். அந்த மூடியை அவர் திருகிய விதம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அடுத்து என் நினைவில் இருப்பது, நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, அடிவயிற்றிலிருந்து, "ரோடு நிம்மப்பந்தா?" என்று கத்தியதுதான்.

முன்னால் போன சைக்கிள்காரர் இடது கையை உயர்த்தினார்.

அந்தக் கையை உயர்த்திய விதம் எனக்குத் தெரியும். விரல்களைச் சேர்த்து, முழங்கையை மடக்காமல், இரண்டு நொடி. நான் சொல்லிக்கொடுத்தது. எல்லா சைக்கிள்களும் ஒன்றாக நின்றன. தண்ணீர் பாட்டில்காரர் திரும்பினார். பல் டாக்டர் நாகராஜ்.

மனிதனுக்கு ஆபத்து வரும்போது மூளை வேகமாக வேலை செய்யும் என்பார்கள். என் மூளை ஒளிந்துகொள் என்றது. நான் மச்சான் பக்கமாக, இடது பக்கம் குனிந்து படுத்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்த கையும் கூடவே வந்தது. வண்டி ஊர்ந்துகொண்டுதான் இருந்தது, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்பக்க இடது சக்கரம் மட்டும் குழாய்ப் பள்ளத்தில் பதவிசாக இறங்கி உட்கார்ந்தது. எஞ்சின் நின்றது.

"ஏனுங்க மாப்ள" என்றார் மச்சான், சாய்ந்த நிலையில். "படுத்துக்கிட்டு ஓட்டறதுதான் பாதுகாப்புங்களா?"

"மச்சான், அது என் குழு. என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க."

டேஷ்போர்டில் ஒரு பழைய முகக்கவசம் கிடந்தது. மாட்டிக்கொண்டேன். பின்னால் கையை நீட்டி கவிதாவின் சால்வையை இழுத்துத் தலையில் போட்டுக் கழுத்தைச் சுற்றிக்கொண்டேன். நிமிர்ந்து உட்கார்வதற்கும் நாகராஜ் ஜன்னலுக்கு வருவதற்கும் சரியாக இருந்தது. முகத்தில் புன்னகை. (அந்தப் புன்னகையும் என் ஏற்பாடுதான்.) அவருக்குப் பின்னால் ஷோபா மேடம் போனை உயர்த்தி வீடியோ எடுத்தார். பேச்செல்லாம் கன்னடத்தில் நடந்தது, தமிழில் சொல்கிறேன்.

"வணக்கம் சார். ஒரே ஒரு கேள்வி. ஏன் சார் ஹார்ன் அடிச்சீங்க? சண்டைக்கு இல்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஹார்ன் அடித்தேனா? கத்தினது ஞாபகம் இருக்கிறது. அடித்ததாக ஞாபகமே இல்லை. மச்சானைப் பார்த்தேன். "பாலம் ஆரம்பிச்சதுல இருந்து கையை எடுக்கவே இல்லீங்களே" என்றார் தமிழில். கவிதாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தப் பஸ் டிரைவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வாயைத் திறந்தால் என் குரல் தெரிந்துவிடும். மச்சானைப் பார்த்துக் கையை விரித்தேன். மச்சான் புரிந்துகொண்டார்.

"அவருக்குக் கன்னடம் வராது சார்" என்றார் மச்சான் நாகராஜிடம், நல்ல கொள்ளேகால் கன்னடத்தில். "தமிழ்நாட்டுக்காரரு. பாலாறு செக்போஸ்ட் தாண்டி இன்னிக்குத்தான் வர்றாரு."

ஷோபா மேடம் டீச்சர் அல்லவா. "இப்பத்தானே ரோடு நிம்மப்பந்தான்னு சுத்தமான கன்னடத்துல கத்தினாரு?" என்றார்.

மச்சான் கொஞ்சமும் தயங்கவில்லை. "அது ஒண்ணு மட்டும்தான் தெரியும் மேடம்."

பின்னால் கவிதா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கூடையும் குலுங்கியது.

நாகராஜ் விடுகிறவர் இல்லை. பதில் வாங்காமல் வரக் கூடாது என்பதும் நான் போட்ட சட்டம்தான். அவருக்குத் தெரிந்த தமிழைத் திரட்டி, "சார், நீங்க, ஏன், ஹார்ன்?" என்றார், ஒவ்வொரு சொல்லாக. பல் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியிடம் பேசுகிற கனிவு.

இத்தனை மாதமாக ஊரெல்லாம் நான் கேட்டுத் திரிந்த கேள்வி. ஒரு நல்ல பதில் சொல்ல இதைவிட வாய்ப்பு எனக்குக் கிடைக்கப்போவதில்லை. உண்மையிலேயே யோசித்தேன். உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. காரணம் வைக்கிற இடம் காலியாக இருந்தது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, குரலைக் கிழவர் மாதிரி மாற்றிக்கொண்டு சொன்னேன்:

"மாலை வாடிடும்."

தை மாதக் குளிர். கண்ணாடியெல்லாம் பனித்துளி. கூடையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அந்த மாலையை அப்படியே வைத்திருந்தால் மறுநாள் கல்யாணத்துக்கும் ஆகியிருக்கும்.

நாகராஜ் கூடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஷோபா மேடத்தைப் பார்த்தார். ஷோபா மேடம் போனைத் தாழ்த்தி ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என் கைகள் இருந்தன. நாங்கள் போடுகிற கையுறைக்கு விரல் கிடையாது. வெயிலில் ஓட்டி ஓட்டி என் விரல்கள் மட்டும் கருத்து, கைமேல் பக்கம் வெளுத்து, நடுவில் கோடு போட்டது மாதிரி இருக்கும். குழுவிலேயே எனக்குத்தான் அந்தக் கோடு அழுத்தம். அதை எல்லாருக்கும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

"டாக்டர்" என்றார் அவர் மெதுவாக, "இந்தக் கை நம்ம செந்திலோடது."

நான் முகக்கவசத்தைக் கழற்றினேன். வேறென்ன செய்வது. "குட் மார்னிங்" என்றேன்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாருமே திட்டவில்லை. எட்டுப் பேரும் ஜன்னலைச் சுற்றி நின்று, மிருகக்காட்சி சாலையில் புதிதாக வந்த ஜந்துவைப் பார்க்கிற மாதிரி, உண்மையான ஆர்வத்தோடு என்னைப் பார்த்தார்கள். "எப்படி இருந்துச்சு செந்தில்? அடிக்கும்போது என்ன தோணுச்சு?" என்று கேட்டார் ஷோபா மேடம். நான் யோசித்து, "ஒண்ணும் தோணலை மேடம். அதான் பயமா இருக்கு" என்றேன்.

இதற்குள் பின்னால் பஸ்ஸோடு நாலைந்து வண்டிகள் சேர்ந்து அலற ஆரம்பித்திருந்தன. சித்தப்பாவிடமிருந்து கவிதாவுக்குப் போன். மாப்பிள்ளையை மேடைக்கு அழைக்கப்போகிறார்களாம், மாலை எங்கே என்று கேட்கிறார். வண்டியைத் தூக்க ஆள் வர வேண்டும். மண்டபம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், ஆனால் நடக்கிற தூரம் இல்லை.

நாகராஜ்தான், "மாலையைக் குடுங்க. சைக்கிள்ல போயிடலாம்" என்றார்.

கூடையைக் கட்ட எந்த சைக்கிளிலும் கேரியர் கிடையாது. ஹாண்டில்பாரில் தொங்கவிட்டால் சக்கரத்தில் சிக்கும். ஒரே வழிதான் இருந்தது. ஒரு மாலையை நாகராஜ் கழுத்தில் போட்டுக்கொண்டார். மண்டபத்தில் தெரிந்தவர் ஒருவர் போக வேண்டும் என்பதால், ஷோபா மேடத்தின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, இன்னொன்றைக் கழுத்தில் போட்டு நானும் கிளம்பினேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். அப்படியும் நாலு மிதி மிதிப்பதற்குள் செயின் அதைக் கவ்விப் பிடித்தது. இழுத்தேன். முழங்கால் வரைக்கும் பட்டு கிழிந்து, கிழிந்த இடத்தில் கறுப்பு மசி.

மண்டபத்து வளைவு கண்ணில் பட்ட நேரத்தில் பின்னால் ஒரு ஹார்ன். நீளமாக, அழுத்தமாக. எனக்குள் சுரீரென்று ஏறியது. அந்தக் கோபம் அசல் கோபம், அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் இருந்த நிலைமையெல்லாம் அதற்குத் தெரியவே இல்லை. கையை உயர்த்திக்கொண்டே திரும்பினால், மச்சானின் கார். பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கிச் சக்கரத்தைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். உள்ளே மச்சானும் கவிதாவும் ஷோபா மேடமும் சந்தோஷமாகக் கையாட்டினார்கள்.

பக்கத்தில் வந்ததும் கேட்டேன். "ஏன் மச்சான் அடிச்சீங்க?"

மச்சான் நிஜமாகவே குழம்பினார். "நானுங்களா? அடிச்சனா?"

நாங்கள் இருவரும் மாலையும் கழுத்துமாக வாசலில் போய் இறங்கியதும் நாதஸ்வரக்காரர் என்ன நினைத்தாரோ, வேகமாக வாசிக்க ஆரம்பித்தார். ஆரத்தித் தட்டோடு ஓடிவந்த அம்மாள் ஒருவர், ஜாக்கெட் ஹெல்மெட்டோடு நின்ற நாகராஜையும், கிழிந்த வேட்டியோடு நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல மாப்பிள்ளை யாருங்க?" என்று கேட்டார். பின்னால் வந்த சித்தப்பா எங்கள் கழுத்திலிருந்து மாலைகளை உருவிக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார். முகூர்த்தத்துக்கு முன்னால் மாலை போய்ச் சேர்ந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு உருப்படியாக நடந்தது. நாகராஜும் பின்னாலேயே வந்து சேர்ந்த மற்றவர்களும் இரண்டு பந்தி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தலைவர் பதவியை நானே விட்டுவிட்டேன். ஷோபா மேடம்தான் இப்போது தலைவர். அந்த வீடியோ எங்கள் சொந்தக்காரர்கள் எல்லார் போனிலும் இருக்கிறது. ஹோட்டலில் சர்வர் வரத் தாமதமாகி நான் மேஜையைத் தட்டினால், கவிதா என் பக்கம் திரும்பாமலே, "மாலை வாடிடுமுங்க" என்பாள். மச்சான் போனை நான் உடனே எடுக்காவிட்டால் அடுத்த நிமிடம் வாட்ஸப்பில் ஒரு ரோஜா மாலைப் படம் வரும்.

குழுவில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஹார்ன் அடித்தவர்களிடம் பழைய கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை. கன்னடக்காரர்கள் எட்டுப் பேரும், ஜன்னலுக்குப் போய், தமிழிலேயே, "மாலை வாடிடுமா சார்?" என்று கேட்கிறார்கள். கேட்கப்படுகிறவருக்கு ஒன்றும் புரியாது. புரியாததால் கோபமும் வராது. கண்ணாடியை முழுதாக இறக்கி, என்ன விஷயம் என்று விசாரிப்பார். பழைய கேள்வியைவிட இதற்கு நன்றாகவே பதில் கிடைக்கிறது.

போன மாதம் பன்னூர் ரோட்டில் ஒரு சின்ன வேன் எங்கள் பின்னால் வந்து விடாமல் அடித்தது. அன்றைக்குக் கேட்கிற முறை என்னுடையது. போய்க் கேட்டேன். டிரைவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர், தமிழர். கேள்வியைக் காதில் வாங்கி, பின்னால் ஐஸ் ஒழுகிக்கொண்டிருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"மாலை இல்லீங்க. மீனு."

எல்லாரும் ஓரமாக ஒதுங்கி வழி விட்டோம்.